மாடிக்கு ஏறாத காற்று

நூலக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் கூட வேலை பார்க்கும் ஏசி மெக்கானிக்குகள். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர்கள் எல்லாம் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் திறந்து மீட்டரை எடுப்பார்கள். இவள் ஒரு பென்சிலை எடுப்பாள். பென்சில் முனையில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு நூல் கட்டியிருக்கும். காற்று வருகிற கிரில்லுக்கு நேராக அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நூல் நீட்டிப் படுத்தால் ஒரு கணக்கு, தலையை மட்டும் ஆட்டினால் ஒரு கணக்கு, தொங்கினபடியே தொங்கினால் வேறொரு கணக்கு. இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறாள், இன்னும் அலுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று சுவருக்குள் ஓடி, திரும்பி, மேலே ஏறி, கடைசியில் ஒரு நூலை வந்து தொடுகிறதே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி அசந்து நிற்பாள். அப்புறம்தான் திட்ட ஆரம்பிப்பாள்.

திட்டுவதற்கு அவளுக்கு ஆள் பஞ்சமே வந்ததில்லை. மெக்கானிக்கிடம் வீட்டுக்காரர்கள் உண்மை பேச மாட்டார்கள் என்பது அவள் கண்ட அனுபவம். மூன்று வருடமாக ஃபில்டரைக் கழுவாத மனிதர், போன வாரம்தான் கழுவினேன் என்று கூசாமல் சொல்வார். ரிமோட்டைச் சுவரில் விட்டெறிந்தவர், அதுவாகவே விழுந்தது என்பார். அதனால் அவர்கள் சொல்வதில் பாதியை அவள் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. மீதிப் பாதியையும் சந்தேகத்தோடுதான் கேட்பாள்.

அந்த வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தவர் பஸ் ஓட்டுநர்; அன்றைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார். உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல், வாசலில் நிற்க வைத்தே எல்லாவற்றையும் கொட்டினார்.

வீட்டுக்கே ஒரு மிஷின்தான். அது மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறையில் இருந்தது. அங்கிருந்து தகரக் குழாய்கள் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் கிளை பிரிந்து ஓடி, ஒவ்வொரு அறைக்கும் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மாடியில் ஒரே ஓர் அறை. அங்கேதான் தகராறு. காலையில் காற்று கொஞ்சம் வரும். பத்து மணிக்கு மேல் சுருங்கும். மதியத்தில் வருகிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. போன வாரங்களில் இரண்டு மெக்கானிக்குகள் காலை நேரத்தில் வந்து பார்த்தார்களாம். ஒருவர் கேஸ் ஏற்றினார். இன்னொருவர் மிஷின் பத்தாது, பெரிதாக மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார்.

அந்த மாடி அறையில் இருப்பது ஓட்டுநரின் மனைவி. அவளுக்கு நரம்பில் ஒரு நோய். உடம்பில் சூடு ஏறினால் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது, விரல்கள் மரத்துப்போகும், கண் மங்கும். உடம்பு குளிர்ந்தால் போனதெல்லாம் மெல்லத் திரும்பி வரும். போன கோடை வரைக்கும் எப்படியோ ஓட்டிவிட்டார்கள். இந்தக் கோடையில் மதியமானால் அவளால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை.

"நாளைக்குக் காலையில அவ அக்கா கார் எடுத்துட்டு வர்றாங்க, கூட்டிட்டுப் போக," என்றார் ஓட்டுநர். "இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள மேல குளுந்துச்சுன்னா இங்கயே இருக்கேன்னு சொல்லியிருக்கா. போனா திரும்பி வருவாளான்னு எனக்குத் தெரியலக்கா."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. நூலக்காவுக்குச் சங்கடமாக இருந்தது. அவங்க கீழே வந்து இருக்கலாமே என்று கேட்டுவைத்தாள். ஓட்டுநர் சாத்தியிருந்த ஓர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

அது அவருடைய அப்பாவின் அறை. பெரியவர் நாற்பது வருடம் தச்சுவேலை செய்து ஓய்ந்தவர், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மருமகள் பல் மருத்துவர்களுக்காகச் செயற்கைப் பல்வரிசைகளை மெழுகில் செதுக்குகிறவள். மாடி அறைதான் அவளுடைய பட்டறை. மூன்று வருடத்துக்கு முன்னால், நோய் தெரியவந்த புதிதில், விளக்கும் மெழுகும் வைத்துக்கொண்டு அனலில் உட்காருவதால்தான் இதெல்லாம், வேலையை விட்டுவிட்டுக் கீழே வந்து சும்மா இரு என்று பெரியவர் சொல்லிவிட்டார். அந்த "சும்மா இரு" அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கீழே வந்தால் வேலையை விட்டதாகத்தான் அர்த்தம், கால் போனாலும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினவள்தான். அன்றிலிருந்து மாமனாரோடு ஒரு வார்த்தை கிடையாது.

இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதவு திறந்தது. பெரியவர் வெளியே வந்தார். அந்த வெயிலில், தோளோடு சேர்த்துக் கம்பளிப் போர்வை போர்த்தியிருந்தார். தனது அறை ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது, எலும்பெல்லாம் நடுங்குகிறது என்று யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தார். சமையலறைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பும்போது மகனுக்குப் பக்கத்தில் நின்றார்.

"போகட்டும்டா. அங்கயாவது அவளுக்குக் குளுந்தா இருக்கட்டும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். நூலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி மேலே வெந்து சாகிறாள், இந்த மனிதர் வீட்டுக் குளிரை எல்லாம் தன் அறைக்குள் அடைத்துக்கொண்டு போர்வை போர்த்திக்கொள்கிறார். திரும்பிப் போகும்போது நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

மாடி அறையில் சூடு முகத்தில் அறைந்தது. ஜன்னலோரம் நீண்ட மேஜை. அதில் சின்னச் சின்னக் கத்திகள், ஒரு ஸ்பிரிட் விளக்கு, குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு மேல்வரிசைப் பல் மிதந்தது. நூலக்கா குனிந்து பார்த்தாள். பதினான்கு பற்கள். ஒவ்வொன்றிலும் மேடும் பள்ளமும், ஈறின் விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு வளைவு. யாரோ ஒருவர் இதை மாட்டிக்கொண்டு சிரிக்கப் போகிறார், அந்தச் சிரிப்பை இந்தப் பெண் இங்கே உட்கார்ந்து மெழுகில் செதுக்கியிருக்கிறாள். நூலக்காவுக்கு ஒரு நிமிடம் வந்த வேலையே மறந்துபோயிற்று.

மருமகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. மெழுகு வெளியே வைத்தால் இளகிவிடுகிறது, அதனால்தான் தண்ணீரில் போட்டிருக்கிறேன் என்றாள். தன் காலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நூலக்கா கிரில்லுக்கு நேராக நூலைப் பிடித்தாள். அது ஒருமுறை நெளிந்துவிட்டுச் சும்மா தொங்கியது. மீட்டர் முப்பத்து மூன்று டிகிரி காட்டியது.

"கீழ ஒரு அறையில மட்டும் போர்வை போத்திக்கற அளவுக்குக் குளிருதாம். அதையும் பாத்துட்டுப் போங்க," என்றாள் மருமகள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

நூலக்கா இறங்கிவந்து மிஷின் அறையில் மண்டியிட்டாள். ஃபில்டரை உருவினாள், பளிச்சென்று இருந்தது. ஓட்டுநரின் பதினோரு வயது மகள் வாரம் தவறாமல் கழுவுகிறாளாம். நூலக்கா வாழ்க்கையிலேயே கழுவிய ஃபில்டரைப் பார்த்தது அது மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ. அடுத்து மிஷினின் மேல் தகரத்தின் திருகுகளைக் கழற்றினாள். தகரம் உடனே வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்தாள். வந்ததும் அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே, காற்றைக் குளிர்விக்கும் சுருள் குழாயான காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. முழுக்க முழுக்கப் பனி. நாலு விரல் கனம். ஓரங்களில் கண்ணாடி மாதிரித் தெளிவாக, நடுவில் பாலாக உறைந்து, இடுக்குகளில் இறகு இறகாகப் பூத்திருந்தது. வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே இப்படி ஒரு மலைத்துண்டு. இதற்கு முன்னாலும் உறைந்த காயில்களை அவள் பார்த்திருக்கிறாள், ஆனால் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு அழகாக ஒன்றைப் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த சிறுமி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். இரண்டு பேரும் சேர்ந்தே தொட்டுப் பார்த்தார்கள்.

அந்தப் பனிதான் காற்றை அடைத்துக்கொண்டிருந்தது என்று நூலக்கா வீட்டாருக்கு விளக்கினாள். காயில் மேல் போதுமான காற்று ஓடினால், அது காற்றைக் குளிர வைத்து அனுப்பிவிடும். ஓடுகிற காற்று குறைந்துபோனால் குளிர் போக இடமில்லாமல் அங்கேயே தங்கி, ஈரத்தை உறைய வைக்கும். பனி கொஞ்சம் சேர்ந்தால் காற்று இன்னும் குறையும். காற்று குறைந்தால் பனி இன்னும் சேரும். இரவில் மிஷின் விட்டுவிட்டு ஓடுவதால் கொஞ்சம் உருகும், அதனால் காலையில் பரவாயில்லை. மதியத்துக்குள் வாயடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் தூரத்தில், மேலே இருக்கிற அறைதான் முதலில் பட்டினி கிடக்கும். வந்த இரண்டு மெக்கானிக்குகளும் காலையில் வந்ததால் பனி அவர்கள் கண்ணில் சிக்கவில்லை.

சரி, காற்று ஏன் குறைந்தது? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது, ஃபில்டர் சுத்தம், கேஸ் சரியாக இருக்கிறது. மிஷினிலிருந்து கிளம்பும் பெரிய குழாயில் ஒரு சின்னத் துளை போட்டு அழுத்தத்தை அளந்தாள். மிஷின் மேல் ஒட்டியிருந்த அட்டையில் நூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது. மீட்டர் நூற்றுத் தொண்ணூறைத் தொட்டது. காற்று வெளியேற வழியில்லாமல் குழாய்க்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த வீட்டில் யாரோ எங்கேயோ வழியை மறித்திருக்கிறார்கள்.

குளிர்விப்பதை நிறுத்திவிட்டு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டாள். பனி உருகி வாளியில் சொட்டத் தொடங்கியது. உருக எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் அறை அறையாகப் பார்த்துவிடலாம் என்று ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் ஹால். மேலே இரண்டு கிரில்கள், பார்வைக்குத் திறந்துதான் இருந்தன. நூலைப் பிடித்தாள், அசையவில்லை. கிரில்லைக் கழற்றினால் பின்னால் அளவாக வெட்டிய கெட்டி அட்டை. அட்டையில் பஸ் வழித்தட எண்ணும் ஊர்ப் பெயர்களும் அச்சடித்திருந்தன. இந்த வீட்டில் அப்படி ஓர் அட்டை யாருக்குக் கிடைக்கும் என்று துப்பறிய வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்தாள். ஓட்டுநர் அசடு வழிந்தார். கீழே அடைத்தால் மேலே அதிகமாகப் போகும் என்று நினைத்தேன், இந்தக் கோடை ஆரம்பத்தில் போட்ட அன்றைக்குக் கொஞ்சம் நன்றாகத்தான் வந்தது, தங்கைக்கும் அப்பாவுக்கும் தெரிந்தால் ஹாலில் உட்கார முடியவில்லை என்பார்கள் என்று சொல்லவில்லை என்றார்.

அடுத்தது ஓட்டுநரின் தங்கை அறை. அவள் நூலகத்தில் வேலை பார்ப்பவள், அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அறைக் கிரில்லுக்குள்ளிருந்து ஒரு தலையணை உறையும் இரண்டு துப்பட்டாக்களும் வந்தன. மந்திரவாதி தொப்பியிலிருந்து எடுப்பதுபோல நூலக்கா எடுத்துக்கொண்டே இருந்தாள். சமையலறைக் கிரில்லில் அலுமினியத் தாள் நாலு மடிப்பாக ஒட்டியிருந்தது. அதுவும் தங்கையின் கைவேலைதான். அண்ணிக்குப் போகட்டும் என்றுதான், அண்ணனிடம் சொன்னால் நீ ஏன் கஷ்டப்படுகிறாய் என்று பிடுங்கிவிடுவான் என்றாள். அவள் கழுத்தில் வேர்க்குரு சிவந்து கிடந்தது. அதற்குப் பவுடர் போட்டு மறைத்திருந்தாள்.

சிறுமி படிக்கும் மூலையில் தரையை ஒட்டி ஒரு கிரில். நூலக்கா குனிவதற்கு முன்பே சிறுமி ஓடிவந்து அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நகரச் சொன்னதும் உதடு பிதுங்கியது. கிரில்லின் ஒவ்வொரு இடுக்கிலும் விளையாட்டுக் களிமண் திணித்திருந்தது. சிவப்பு ஒரு வரி, பச்சை ஒரு வரி, மஞ்சள் ஒரு வரி. முப்பத்தாறு இடுக்குகள். ஒன்றைக்கூட விடவில்லை.

நூலக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏசி மெக்கானிக்கிடம் பொய் சொல்லும் வீடுகளை அவள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாள். எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்வதற்கான பொய்கள்: அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி தன் அறைக்குக் காற்றைத் திருப்புவது, மேல்வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரரின் குழாயில் கை வைப்பது. இங்கே ஆளுக்கொரு மூலையில், ஒருவருக்கொருவர் மூச்சுக் காட்டாமல், தன் பங்குக் காற்றை அடைத்துக்கொண்டு வேர்த்து வழிந்திருக்கிறார்கள். ஒருவர் அடைத்திருந்தால் மேலே கொஞ்சம் கூடியிருக்கும். எல்லோரும் அடைத்ததில் மிஷினே மூச்சுத் திணறி உறைந்துவிட்டது. இத்தனை பேரும் சேர்ந்து கொடுத்த காற்றெல்லாம் அதோ படிக்கட்டுக்கு அடியில் பனியாக நிற்கிறது. நூலக்காவுக்குக் கண் கலங்கியது. அழுகையை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது என்று தெரியாமல் களிமண்ணைப் பென்சிலால் குத்தி எடுக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் உட்கார்ந்து எடுத்தார்கள்.

இரண்டரை மணிக்குப் பனி கரைந்து முடிந்தது. ஏழு வாளி தண்ணீர். குழாயின் ஓர் இணைப்பில் காற்று கசிந்த இடத்தைத் தகர டேப்பால் சுற்றினாள். மின்விசிறியின் வேகத்தை ஒரு படி கூட்டினாள். மிஷினைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய் நூலைப் பிடித்தாள். நூல் எழுந்து தலையை ஆட்டியது, ஆனால் படுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாள், முப்பத்தொன்று. மருமகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, பரவாயில்லை, நீங்கள் முயற்சி செய்தீர்களே என்றாள். கட்டிலுக்கு அடியில் கட்டிவைத்த பெட்டி ஒன்று இருந்ததை நூலக்கா அப்போதுதான் கவனித்தாள்.

கீழே வந்து அழுத்தத்தை மறுபடி அளந்தாள். நூற்றைம்பது. குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் குறைய வேண்டும். மறித்த வழி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பெரிய குழாயிலிருந்து முதலில் பிரிகிற தடித்த கிளை எது என்று கையால் தடவிக்கொண்டே போனாள். அது நேராகப் பெரியவரின் அறைச் சுவருக்குள் நுழைந்து, அங்கிருந்து மாடிக்கு ஏறியது.

கதவைத் தட்டினாள். தன் அறையில் எல்லாம் சரியாக இருக்கிறது, மேலே போய் வேலையைப் பார் என்று உள்ளிருந்து பதில் வந்தது. திறக்கும்வரை இங்கேயே நிற்பேன் என்று அவள் சொன்னாள். சொன்னபடியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகி, கதவு இரண்டு விரல்கடை அளவுக்குத் திறந்தது.

அந்த இடைவெளி வழியாக அனல் வந்து அவள் முகத்தில் அடித்தது.

குளிர்ந்த அறையின் கதவைத் திறந்தால் குளிர் காலில்தான் முதலில் வந்து விழும். அது அவளுக்கு இருபத்திரண்டு வருடப் பாடம். இங்கே காலில் எதுவும் விழவில்லை. பெரியவரை விலக்கிக்கொண்டு உள்ளே போய், என்ன தோன்றியதோ, கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள்.

மாடி அறையைவிட மோசம். மீட்டர் முப்பத்தேழு காட்டியது. ஜன்னலில் ஈரத்துண்டு தொங்கியது. கட்டில் விரிப்பில் ஆள் படுத்த அளவுக்கு வேர்வை படிந்திருந்தது. கம்பளிக்குள் பெரியவரின் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நூலக்கா சுவரில் கிரில்லைத் தேடினாள். இரண்டு இருக்க வேண்டும். ஒன்றைக்கூடக் காணோம். சுவர் வழவழவென்று இருந்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள், நகத்தால் தேடினாள். கடைசியில் நகம் ஒரு மயிரிழைக் கோட்டில் இடறியது. சுவரோடு சுவராகப் பலகை. சுவரின் நிறமே பூசி, திருகுகளின் தலைக்கு மேல் சுவருக்குப் பூசும் பட்டி வைத்துத் தேய்த்து, ஓரங்களில் கம்பளித் துணி கொடுத்து இறுக்கியிருந்தது. விளிம்பில் நூலைப் பிடித்தாள். நூலின் ஒரு இழைகூட நடுங்கவில்லை. இந்தத் தொழிலில் இவ்வளவு பிசகில்லாத அடைப்பை அவள் பார்த்ததே இல்லை. கம்பெனிக்காரர்கள் இயந்திரம் வைத்து அடைப்பதில்கூடக் கொஞ்சம் கசியும்.

"யாரு செஞ்சது?"

"நான்தான்," என்றார் பெரியவர். அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "திறக்கக் கூடாது. திறந்தா மேல போற காத்து கொறஞ்சிடும்."

நூலக்கா அவரைக் கட்டிலில் உட்கார வைத்தாள். மிஷினில் கண்ட பனியைப் பற்றி, ஹாலில் இருந்த அட்டையைப் பற்றி, துப்பட்டாவைப் பற்றி, களிமண்ணைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேத்தியின் முப்பத்தாறு இடுக்குகளைக் கேட்டபோது அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க குளுந்தாத்தான் ஐயா மேல அவங்களுக்குக் குளிரும். ரெண்டும் ஒரே குழாய்."

பெரியவர் சுவரிலிருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப மூணு வருஷமா நானேதான் அவள..."

இல்லை என்று நூலக்கா அவசரமாகச் சொன்னாள். முதல் இரண்டு கோடையில் அவர் ஒருவர் மட்டும் அடைத்திருந்தது மேலே உதவியிருக்கும். இந்த வருடம் வீடே சேர்ந்து அடைத்ததில்தான் எல்லாம் உறைந்தது. இனி எதை எவ்வளவு திறப்பது என்று தானே அளவு வைத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். அவர் அதையெல்லாம் கேட்டாரா என்று தெரியவில்லை. எழுந்து மூலையிலிருந்த பெட்டியைத் திறந்து திருப்புளியை எடுத்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பட்டியைச் சுரண்டி, எட்டுத் திருகுகளையும் கழற்றினார். பலகை கையோடு வந்தது.

குளிர்ந்த காற்று அவர் நெஞ்சில் வந்து மோதியது. ஒரு நொடி அவருக்கு மூச்சே நின்றுபோய், பிறகு வந்தது. பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு பலகையையும் எடுக்க வேண்டும் என்ற நூலக்கா, போர்வை எதற்கு என்று கேட்டாள். அறை வேகிறது என்று தெரிந்தால் பையன் வந்து பலகையைப் பிடுங்கிவிடுவான், அதற்காகத்தான் என்றார். அப்படியானால் போகட்டும் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"இங்க இருந்தா செத்துருவாளோன்னு பயம்மா." அவர் பலகையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மறுநாளே தெரிஞ்சுடுச்சு. குப்பையில ஒரு மெழுகுப் பல்லு கெடந்துச்சு, அவ சரியில்லன்னு தூக்கிப் போட்டது. எடுத்துப் பாத்தேன். நாப்பது வருஷம் மரம் இழைச்சவன் நான், அந்த வழவழப்பு என் கைக்கு ஒரு நாளும் வந்ததில்ல. அவளப் போயி சும்மா இருன்னு சொல்லிட்டேனே. மாடிப்படி வரைக்கும் எத்தனையோ தடவ போனேம்மா, சொல்லிடலாம்னு. வாய் வரல. பலகை அடிக்கத்தான் தெரிஞ்சுது."

சுவரிலிருந்து காற்று சீராக வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றோடு சேர்ந்து ஒரு குரலும் வந்தது.

"மாமா."

பெரியவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. நூலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே கிளைக் குழாய். அடைப்பை எடுத்தால் காற்று மட்டுமா போகும், பேச்சும் போகும். இவ்வளவு நேரம் இவர் பேசியதெல்லாம் தகரத்தில் ஏறி மேலே போயிருக்கிறது. எல்லாம் தெரிந்தவளாகத் திரிகிற அவளுக்கு இது தோன்றவே இல்லை.

"மாமா, அந்த இன்னொண்ணையும் திறந்துடுங்க."

தகரத்தின் லேசான கரகரப்பு தவிர, பக்கத்தில் நின்று பேசுவது போலவே இருந்தது. பெரியவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, அந்தத் துவாரத்துக்கு நேராக நின்றார். மூன்று வருடம் வராத வாய் இப்போதும் சுலபமாக வரவில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"திறக்கிறேம்மா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "மெழுகு இறுகிடுச்சா?" என்று கேட்டார்.

"இறுகிட்டு வருது மாமா."

பெரியவர் ஸ்டூலை இரண்டாவது பலகைக்குக் கீழே நகர்த்தி ஏறினார். அவசரத்தில் திருப்புளி திருகின் தலையில் உட்காராமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நூலக்கா ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், தான் கழற்றுகிறேன் என்று கேட்கவில்லை. நாலாவது திருகு கழலும்போது மேலே மருமகள் தன் அக்காவுக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்வது சுவர் வழியாக இரண்டு பேருக்கும் கேட்டது.